உவர்க்குடிப் பிள்ளைகளின் முதல் பேச்சு

உவர்க்குடி அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் சந்தனமாரிக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது அது மற்ற பிள்ளைகளைப் போல அழவில்லை; ஈரம் சொட்டச் சொட்டக் கமலவேணி சிஸ்டரின் கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கமலவேணி சிஸ்டரின் குரலிலேயே, மூக்கில் கொஞ்சம் தங்கி வரும் அந்தக் குரலின் இழுப்புக்கூடக் குறையாமல், "வாய மூடுளா, படுக்கும்போது இனிச்சுதுல்லா, இப்ப என்ன கத்து வேண்டிக்கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பாலுக்கு வாயைத் திறந்தது.

அறையில் இருந்த யாரும் இதற்காகத் துள்ளிக் குதிக்கவில்லை. ஆயா, "பொட்டப்புள்ளையா" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கமலவேணி சிஸ்டர் பிள்ளையைக் கையை நீட்டித் தூக்கிப் பிடித்து, கண்ணாடியில் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பவள் போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "மூச்சு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எடை போடும் தட்டில் கிடத்தினாள். தலை வெளியே தெரிந்த நேரத்தில் அவள் சந்தனமாரியிடம் சொன்ன வார்த்தைதான் அது. சொல்லி அதன் சூடு ஆறுவதற்குள் பிள்ளை அதைத் திருப்பித் தந்துவிட்டது.

சந்தனமாரி வாயில்லாப் பூச்சி இல்லை. ஊருக்குக் கிழக்கே கடல் வரை கிடக்கும் உப்பளத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத மேஸ்திரி கிடையாது. பலகையால் உப்பை வாரி, கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிற பெண்கள் எல்லாருக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் பேசுவாள். கூடையைத் தூக்கி விடுகிற சாக்கில் கை நீட்டிய ஒருவனை அவள் ஒரே ஒரு சொல்லால் நிறுத்தியிருக்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்ட மற்ற ஆண்கள் அன்று முழுக்கத் தலை குனிந்தே உப்பு வாரினார்கள். அப்படிப்பட்டவளை இரும்புக் கம்பியில் இரண்டு காலையும் தூக்கிக் கட்டி, மேலே ஒரு குழல்விளக்கும் கீழே ஒரு வாளியுமாகக் கிடத்தியபோது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழும்பவே இல்லை. கமலவேணி சிஸ்டர் தொடையில் அறைந்ததைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். தலையில் கொத்திவிட்டுப் போகிற காக்காயிடம் எதற்குக் கோபப்படுவது. தன் நாக்கு அன்று செத்துக் கிடந்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

வராந்தாவில் நின்ற அவள் புருஷன் லிங்கதுரையிடம் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிள்ளை அவனைப் பார்த்தும் அதையே சொன்னது. லிங்கதுரை லாரியில் உப்பு ஏற்றுகிறவன். நல்லவன், அதாவது குடிக்காதவன், அடிக்காதவன், கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவன்.

"இது யாரு குரலு?" என்று உள்ளே வந்து பெண்டாட்டியிடம் கேட்டான்.

"அந்தா நிக்காள்லா, அவ குரலு."

"எவ்வளவு தெளிவாப் பேசுது" என்றான் லிங்கதுரை. அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சந்தனமாரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அப்படியே பிறந்தன. தலை வெளியே வருகிற அந்த நேரத்தில் எந்தப் பேச்சு ஓங்கிக் கேட்கிறதோ அந்தப் பேச்சு பிள்ளைக்கு அழுகையாக வாய்த்தது. பசித்தாலும் அதுதான், எறும்பு கடித்தாலும் அதுதான், தொட்டில் நின்றாலும் அதுதான். முதல் பல் முளைக்கிற வரைக்கும் அதுதான். பல் முளைத்ததும் மறந்துவிட்டு, மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போல அம்மா, காக்கா என்று முதலில் இருந்து தொடங்கும். ஏன் இப்படி என்று சிலர் கேட்டார்கள். தண்ணீரில் உப்பு கூடிவிட்டது என்றார் தண்ணீர் லாரிக்காரர். கோயிலில் கொடைவிழா நடத்தாத குற்றம் என்றார் கொடைக்கு வரி பிரிக்கிறவர். செல்போன் கோபுரம் என்றார் தன் மனையில் கோபுரம் வைக்கக் கேட்டுக் கிடைக்காதவர். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. உவர்க்குடிக்காரர்கள் எதையும் அதற்குமேல் யோசிக்கிறவர்கள் இல்லை.

ஒரு வீட்டில், "ரெண்டு பெத்தும் புத்தி வரலியா, இது எதுக்கு மூணாவது" என்று பிள்ளை பாலுக்கு அழுதது. பக்கத்து வீட்டில், "குளிச்சிட்டு வரணும்னு தெரியாதா, நாத்தம்" என்று அழுதது. அதற்கடுத்த வீட்டுப் பிள்ளை வேலைக்குப் புதிதாக வந்த டாக்டரின் இளங்குரலில், "மூலை மனைன்னா சொல்லுங்க, ரோட்டு மேல இருக்கணும்" என்று மத்தியான நேரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பிறக்கிற நேரத்தில் டாக்டர் வாசலில் நின்று போனில் இடம் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்த வீட்டுத் தகப்பன் வெட்கப்படுவான் என்று நினைத்தால், அவன் பிள்ளை வாக்கு பலிக்கும் என்று போய் ஒரு மூலை மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான்.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை. பஸ்ஸில் ஏறினால் மடிக்கு மடி கமலவேணி சிஸ்டர் ஏசிக்கொண்டு வருவாள். கண்டக்டர் அந்த ஏச்சுக்கு நடுவில் புகுந்து டிக்கெட் கிழிப்பார். கோயில் வாசலில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் அந்த மூக்குக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. டீக்கடை ஆண்கள் எந்த வீட்டுப் பிள்ளை என்ன சொல்கிறது என்று ஒப்பித்துச் சிரித்தார்கள். தங்கள் பெண்டாட்டிமாரிடம் சொல்லப்பட்ட வார்த்தைகள் அவை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் சிரித்தார்கள். சந்தனமாரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது, "படுக்கும்போது இனிச்சுதுல்லா" என்று பிள்ளை தொடங்கும். கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஆண்கள் தரையைப் பார்ப்பார்கள், தோள் குலுங்கும். அவள் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். இவன்களையும் ஒருத்தி கால் கட்டிக் கிடந்துதான் பெற்றாள், பெற்று இந்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டு நடப்பாள்.

கமலவேணி சிஸ்டர் ஒருத்திதான் எதற்கும் அசையவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தன் குரலுக்குள்ளேயே நடந்து ஆஸ்பத்திரிக்கு வருவாள், போவாள். யாரோ ஒருத்தி துணிந்து கேட்டதற்கு, "நாலு பேரு பாக்க வேண்டிய வேலைய நான் ஒருத்தி பாக்கேன். ஏசலன்னா ஒருத்தியும் முக்க மாட்டா. புள்ள உசுரோட வந்துச்சா இல்லையா, அதப் பாரு" என்றாள். அவளை மாற்றலாம் என்று மேலே ஒரு யோசனை இருந்தது. ஆனால் வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லும் மாதக்கணக்கில் ஊருக்குள் சுற்றும் என்று தெரிந்த பிறகு, அந்த இடத்துக்கு வர எந்த நர்சும் சம்மதிக்கவில்லை.

விஷயம் வெளியூருக்குப் பரவிய பிறகு அதிகாரிகள் வந்தார்கள். காரில் வந்து, இளநீர் குடித்து, பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்து ஒவ்வொன்றையும் கிள்ளிக் கேட்டார்கள். "ஒவ்வொரு பேச்சும் சுத்தமான உச்சரிப்பு" என்று ஒருவர் பாராட்டினார். தாய்மார்களிடம் இப்படி யாராவது பேசினார்களா என்று அவர்கள் கேட்கவே இல்லை. பிள்ளைகள் இப்படிப் பேசினால் துறைக்குக் கெட்ட பெயர் என்பதுதான் அவர்கள் கவலை. கடைசியில், பிரசவ அறையில் ஓர் ஒலிபெருக்கி வைத்து அமைச்சரின் பேச்சு ஒன்றை ஓயாமல் ஓடவிடுவது என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் நல்ல கனத்த ஆண்குரலில், "என் அன்புக்குரிய பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, கொண்டுவந்த திட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிர்க்கட்சியைக் கேள்வி கேட்டு, நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தி, மறுபடியும் பெரியோர்களே என்று தொடங்கின. அமைச்சர் ஒருநாள் வந்து ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் குரலைக் கண் மூடிக் கேட்டார், படம் எடுத்தார்கள். வீடுகளில் ஒருவரும் கண்ணை மூட முடியவில்லை. முலையை வாயில் திணித்தாலும் பிள்ளை ஓர் ஓரமாகப் பேசிக்கொண்டே குடித்தது. "சிஸ்டர் புள்ளைகளே தேவல, ஒரு ஏச்சோட முடிஞ்சிரும்" என்று சந்தனமாரியின் பக்கத்து வீட்டுக்காரி கண் வீங்கிப்போய்ச் சொன்னாள். பேச்சில் தன் பெயர் வரவில்லை என்று மாவட்டச் செயலாளர் வருத்தப்பட்டாராம். அதைத் திருத்தப் போய் இன்னொருவர் பெயர் விடுபட்டுப் போய், சண்டை முற்றி, ஒலிபெருக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைத்தெருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியும் இருந்தது. எங்களிடம் பெற்றால் பிள்ளை ஆங்கிலத்தில் அழும் என்று அவர்கள் பலகை வைத்தார்கள். வசதியுள்ளவர்கள் அங்கே போனார்கள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைகள் எல்லாம், "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுதன. பெற்றவர்களுக்கு அதிலேயே பரம சந்தோஷம்.

இப்படி இருக்கும்போதுதான் சந்தனமாரிக்கு இரண்டாவது தங்கியது. மூத்தவள் அப்போது பல்லெல்லாம் முளைத்து, பழையதை மறந்து, நாய்க்குட்டியோடு பேசத் தொடங்கியிருந்தாள். "இந்த ஆஸ்பத்திரி வேண்டாம்டி, ஒங்க அம்மா ஊருக்குப் போயிரு" என்று லிங்கதுரையின் அக்கா சொன்னாள்.

"போக மாட்டேன் மயினி. அந்த மேசையிலதான் என் நாக்கு செத்துச்சு. அங்க போயித்தான் எடுக்கணும்."

"ஒனக்கு ரோசம் இருக்கலாம். வயித்துப் புள்ளைக்கு என்ன ரோசம்?"

"என் புள்ள அவ பேச்சப் பேசி அழுதப்ப, ஊரே சிரிச்சுதுல்லா. இந்தப் புள்ள என் பேச்சப் பேசட்டும்."

அக்காள் சிரித்தாள். பெற்றவள் பேச்சைப் பிள்ளை பேசாது என்பது அதற்குள் ஊர் கண்ட உண்மையாக ஆகியிருந்தது. பத்து மாதம் உள்ளே இருந்து கேட்டுச் சலித்த குரல், அதைப் பிள்ளை ஒரு பொருட்டாக எடுக்காது என்று ஊரில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சந்தனமாரிக்கு விவரம் தெரிந்தவர்கள் மேல் மதிப்பு இருந்ததில்லை. அந்த நேரத்தில் பெற்றவள் ஒருத்தியும் பேசியதில்லை, கத்தத்தான் செய்தாள், கத்துவதையும் வாயைப் பொத்தி நிறுத்தினார்கள். பிறகு பிள்ளை எதைப் பேசும்.

ஒலிபெருக்கியை எடுத்த பிறகு அரசாங்கம் வேறொரு வழி கண்டிருந்தது. பெற்றோராகப் போகிறவர்களுக்கு வகுப்பு. மாவட்டத்திலிருந்து ஹேமலதா என்ற பெண் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் சுவரில் தொங்கவிடும் படங்களும் கொண்டு வருவாள். புருஷனும் பிரசவ அறைக்குள் வரலாம், பெண்டாட்டியின் தலைமாட்டில் நின்று பிள்ளை வரும் நேரத்தில் ஓர் அன்பான வார்த்தை சொல்ல வேண்டும், பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பிள்ளைத்தாய்ச்சிகள் பெஞ்சிலும் புருஷன்மார் வாசல் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் பக்கம் உட்கார்ந்தது காற்றுக்காக இல்லை.

"ஒவ்வொருத்தரா உங்க மனைவியப் பாத்து, அன்பா ஒரு வார்த்தை சொல்லிப் பழகுங்க" என்றாள் ஹேமலதா. "வெக்கப்படாதீங்க."

வலை பின்னுகிறவன், லோடுமேன், பள்ளிக்கூட வாத்தியார், மொபைல் கடைக்காரன் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வலை பின்னுகிறவன் எழுந்து, மாட்டை வண்டியில் பூட்டுகிற குரலில், "ம், தைரியமா இரு" என்றான். மொபைல் கடைக்காரன், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றான். அவனுக்குத் தெரிந்த மரியாதையான வார்த்தை அது ஒன்றுதான். வாத்தியார் எழுந்து, அன்பு என்றால் என்ன என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்று தொடங்கினார்; அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

லிங்கதுரையின் முறை வந்தது. எழுந்து நின்றான். சந்தனமாரியைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். லாரி மேல் நின்று மூட்டையை ஒற்றைக் கையால் வாங்குகிறவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"சந்தனமாரி," என்றான். "நீ... சாப்பிட்டியா?"

சிரிப்பு எழுந்தது. சந்தனமாரி சிரிக்கவில்லை. இத்தனை பேரில் இவன் ஒருத்தன்தான் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஒன்றைக் கேட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. "சாப்பிட்டேன், உக்காருங்க" என்றாள்.

அதற்குமேல் வகுப்பு வகுப்பாக இல்லை. அன்பை விட்டுவிட்டு, பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுத்தால் லாபம் என்று ஆண்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். சாமி பெயர் சொல்ல வேண்டும் என்றான் ஒருவன். கலெக்டர் ஆவேன் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் மனதில் பதியும் என்றான் இன்னொருவன். கட்சித் தலைவர் பெயரைச் சொன்னால் பின்னால் ஏதாவது கேட்கத் தோதாக இருக்கும் என்றான் மொபைல் கடைக்காரன். அந்த மேசையில் கிடக்கிறவள் அந்த நேரத்தில் என்ன கேட்க விரும்புவாள் என்பது ஒருவன் வாயிலும் வரவில்லை.

சந்தனமாரி எழுந்தாள். "மேடம், பெத்துக்கிடுதவ பேசலாமா?"

ஹேமலதாவுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"இவங்க எல்லாம் என்ன பேசணும்னு சொல்லுதிய. பெத்துக்கிடுதவ பேசுனா என்ன?"

ஹேமலதா கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டினாள். கெட்ட பெண் இல்லை அவள். புத்தகத்தில் இருந்தால் சொல்லியிருப்பாள். "அவங்க மூச்சு விடணும்மா. முக்கணும். பேசக்கூடாது, பலம் போயிரும்."

"பலம் எங்க இருந்து வரும்னு புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சந்தனமாரி உட்கார்ந்தாள்.

மறுநாளில் இருந்து அவள் உப்பளத்தில் பழகத் தொடங்கினாள். உப்புக்கூடையைத் தலையில் ஏற்றி அம்பாரத்தில் ஏறும்போது மூச்சு முட்டி, கழுத்து நரம்பு புடைத்து, கண் இருட்டுகிற ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் எந்தப் பெண்ணும் பேச மாட்டாள். சந்தனமாரி சரியாக அந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு பாதிச் சொல் வந்தது. வயிறு பெரிதாகி, கூடையைச் சிறிதாக்கிக்கொண்ட பிறகும் அவள் அதை விடவில்லை. அவள் தேர்ந்து வைத்திருந்த வாக்கியம் இது: "வந்துட்டியா, வா, எல்லாம் நம்ம எடந்தான்."

"என்னளா, தன்னால பேசிக்கிட்டு ஏறுத?" என்று கூட வேலை செய்கிறவள் கேட்டாள்.

"புள்ளைக்கு ஒரு வார்த்த வச்சிருக்கேன்."

"எங்க, சொல்லு பாப்போம்."

அம்பாரத்தின் உச்சியில், கூடை தலையில் இருக்க, வெயிலில் வெளுத்துப்போன அத்தனை பாத்திகளுக்கும் கேட்கும்படி சந்தனமாரி அதைச் சொன்னாள். கீழே உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை.

வலி ஒரு முற்பகலில் வந்தது. ஆட்டோவில் போகும்போது லிங்கதுரை வழி முழுக்க உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான்; வகுப்பில் சொல்லச் சொன்ன அன்பான வார்த்தையை மனப்பாடம் செய்கிறான் என்று தெரிந்தது. கமலவேணி சிஸ்டர் வாசலிலேயே நின்றாள். மூக்கையும் வாயையும் துணியால் மூடியிருந்தாள். இப்போதெல்லாம் அவள் அப்படித்தான். துணிக்கு மேலே கண் மட்டும் சந்தனமாரியை அடையாளம் கண்டுகொண்டது.

"வா வாய்க்காரி" என்றாள். "வகுப்புல மேடத்தயே கேள்வி கேட்டியாமே. உள்ள வந்து பேசு, பாப்போம்."

அதே மேசை, அதே குழல்விளக்கு. பக்கத்து மேசையில் இன்னொருத்தி முனகிக்கொண்டிருந்தாள். டாக்டர் வராந்தாவில் போனில் இருந்தார். சிஸ்டர் இரண்டு மேசைக்கும் நடுவில் ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் அவள் செருப்பு ஒன்று வழியில் கழன்று கிடந்தது, போட்டுக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. அதைச் சந்தனமாரி பார்த்தாள். பார்த்தும் இரக்கம் வரவில்லை. நாலு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டினவனைக் கேட்கத் துப்பில்லாமல், கால் கட்டிக் கிடக்கிறவளை ஏசித் தீர்த்துக்கொள்கிறாள். இது என்ன வீரம்.

வலி ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தது. லிங்கதுரை தலைமாட்டில் நின்று வாயைத் திறந்தான். "சந்தனமாரி, நீ..." என்றான். அதற்குமேல் வரவில்லை. முகம் அழுதுவிடுகிற மாதிரி இருந்தது.

"பேசாதிய" என்றாள் அவள். "கைய மட்டும் குடுங்க."

அவன் கொடுத்தான். மூட்டை தூக்கிக் காய்ந்த கை. அது அசையாமல் இருந்தது.

தலை வந்துவிட்டது என்று சிஸ்டர் குனிந்து பார்த்துச் சொன்னாள். சொன்ன கையோடு சின்ன மரப்பலகை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி நின்று, முழங்கையைச் சந்தனமாரியின் வயிற்றின் மேல் வைத்து, மாவு பிசைகிறவள் போல உடம்புப் பாரம் முழுவதையும் அதில் இறக்கினாள். சந்தனமாரி வாயைத் திறந்தாள். அந்த இடம் வந்துவிட்டது, அம்பாரத்தின் உச்சி, கண் இருட்டுகிற அந்த இடம். வந்துட்டியா, வா என்று சொல்ல வேண்டும். ஆனால் வயிற்றின் மேல் அந்த முழங்கை கிடந்தது, மூச்சு உள்ளே போக வழியில்லை, இத்தனை மாதம் சுமந்து சுமந்து பழகிய அந்த அழகான வாக்கியம் உப்புத் தண்ணீரில் விழுந்தது போல எங்கோ கரைந்து காணாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக உள்ளங்காலில் இருந்து வேறொன்று ஏறி வந்தது. தொடை வழியாக, இடுப்பு வழியாக, பிள்ளையைத் தாண்டிக்கொண்டு அது வந்தது.

"கைய எடு மூதி."

கத்தலாக வரவில்லை அது. உப்பளத்தில் கை நீட்டியவனை நிறுத்திய அதே குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். பக்கத்து மேசைக்காரியின் முனகல் நின்றது. கமலவேணி சிஸ்டரின் முழங்கை தானாகவே வயிற்றில் இருந்து எழுந்தது. அவள் அதை எழுப்பியது போலத் தெரியவில்லை. பலகையில் இருந்து கீழே இறங்கினாள். சந்தனமாரிக்கு மூச்சு முழுதாக உள்ளே போயிற்று. போன மூச்சை அவள் ஒரே பிடியாகப் பிடித்துக் கீழே தள்ளினாள். பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து, ஏந்திய சிஸ்டரின் இரண்டு உள்ளங்கைகளிலும் விழுந்தது.

எல்லாரும் கேட்கக் காத்திருந்தார்கள். ஆயா வாளியோடு நின்றுவிட்டாள். டாக்டர்கூடப் போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டு வாசலில் எட்டிப் பார்த்தார். பெற்றவள் பேச்சைப் பிள்ளை எடுக்காது என்று அத்தனை பேருக்கும் தெரியும். பிள்ளை கண்ணை இறுக்கி மூடி, வாயைக் கோணி, ஒரு தடவை தும்மியது. பிறகு சந்தனமாரியின் குரலில், உப்புக் காற்றில் கரகரத்துப்போன அந்தத் தொண்டையின் கரகரப்பு ஒரு துளியும் குறையாமல், தன்னை ஏந்தியிருந்த முகத்தைப் பார்த்துச் சொன்னது:

"கைய எடு மூதி."

கமலவேணி சிஸ்டர் கையை எடுப்பதற்கு முதலில் பிள்ளையை எங்காவது வைக்க வேண்டியிருந்தது. வாளியைப் பார்த்தாள், எடைத் தட்டைப் பார்த்தாள். கடைசியில் அதைத் தாயின் நெஞ்சின் மேல் குப்புறக் கிடத்தினாள். கிடத்திவிட்டு இரண்டு கையையும் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவள் போலத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களில் இருந்து ஈரம் முழங்கைக்கு வடிந்தது. முகத்தில் இருந்த துணி மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்தது.

பிள்ளை தேடி, தானாகவே கண்டுபிடித்து, பால் குடிக்கத் தொடங்கியது. கொடி இன்னும் இருவரையும் சேர்த்துத் துடித்துக்கொண்டிருந்தது. லிங்கதுரை பிள்ளையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை, அவன் கையை அவள் இன்னும் விடவில்லை.

"கொடி வெட்டணும்" என்றாள் சிஸ்டர், யாரிடம் என்று இல்லாமல்.

அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். பிள்ளை முலையை விட்டுவிட்டு வாயைத் திறந்தது. அவள் ஓர் அடி பின்னால் போனாள். பிறகு, இத்தனை வருஷ வேலையில் அந்த அறையில் யாரும் கேட்டிராத ஒன்றைக் கமலவேணி சிஸ்டர் கேட்டாள்.

"தொடட்டுமா?"

சந்தனமாரி அவளை நிதானமாகத் தலையில் இருந்து கால் வரை பார்த்தாள், செருப்பில்லாத அந்த ஒற்றைக் கால் வரை பார்த்தாள். கம்பியில் கட்டியிருந்த தன் கால்களைப் பார்த்தாள். லிங்கதுரையின் கையை விட்டு, "அத மொதல்ல அவுத்து விடுங்க" என்றாள். அவன் அவிழ்த்தான். அவள் ஒரு காலை நீட்டினாள், பிறகு மற்றதை நீட்டினாள், சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். சிஸ்டர் தூக்கிய கையோடு நின்றுகொண்டே இருந்தாள்.

"இரு," என்றாள் சந்தனமாரி. "சொல்லுதேன்."